ஏழு வீட்டுக்கு ஒரு வயர்

மிச்சம், லண்டன்
3.8.2007

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

தங்கச்சி வசந்தமலர் எழுதுறன். இஞ்சை எல்லாரும் உயிரோடையும் ஈரத்தோடையும் இருக்கிறம். அங்கை டென்மார்க்கில நீங்கள் ரெண்டுபேரும் எப்பிடி எண்டதை நீங்கள்தான் எழுதோணும்.

பேனை பிடிச்சு எத்தினை வருசம்! ஆறாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதிற கடிதம் இது. பிழை கிடந்தால் சிவப்பு மையால திருத்தித் திருப்பி அனுப்பிப் போடாதையுங்கோ. நீங்கள் செய்யக்கூடிய ஆள்.

போன மாதம் இஞ்சை பெய்த மழையை ரீவியில பாத்திருப்பியள். எங்கட றோட்டில ஒரு மத்தியானத்துக்குள்ள முழங்கால் மட்டும் தண்ணி. குசினிக்குள்ள என்ர செருப்பு ரெண்டும் சோடியாய் மிதந்து போச்சுது. தண்ணி வடிஞ்சிட்டுது, கம்பளத்தைச் சுருட்டி வெளியில எறிஞ்சாச்சு. ஆனால் றோட்டு முனையில நிக்கிற இரும்புப் பெட்டி, அதுக்குள்ளதான் எல்லா வீட்டு வயரும் போய்ச் சேருது, அது கழுத்து மட்டும் தண்ணிக்குள்ள நிண்டது. அண்டையோட இன்ரநெற் செத்துப்போச்சு.

எனக்கு வேற ஒண்டுக்கும் கவலையில்லை அண்ணை. தொண்டை ஒப்பரேஷனில உங்கட குரல் போன நாளில இருந்து, ரெண்டு வருசமாய், பின்னேரம் பின்னேரம் கொம்பியூட்டரிலதானே கதைச்சனாங்கள். நான் இஞ்சை வாயால கொட்டுவன், நீங்கள் அங்கை எழுத்தைத் தட்டுவியள், கமெராவில உங்கட உம்மணா மூஞ்சி தெரியும். இப்ப மோபைலில எடுத்தால் ஒரு தட்டு ஓம், ரெண்டு தட்டு இல்லை. மரங்கொத்தியோட சம்பந்தம் பேசுற மாதிரிக் கிடக்கு.

கெதியாய்த் திருத்துவினம். அதுமட்டும் கடிதம்தான். முத்திரைக் காசை மிச்சம் பிடிக்காமல் எழுதுங்கோ.

உங்கட மூஞ்சியைக் காணாமல் சோறு செமிக்காத,
வசந்தமலர்


ஹேர்னிங், டென்மார்க்
14.8.2007

அன்புள்ள தங்கச்சி வசந்தமலருக்கு,

கடிதம் கிடைத்தது. பிழைகளை எண்ணத் தொடங்கினேன், பாதியில் விட்டுவிட்டேன்.

நானும் பவளக்கொடியும் இருக்கிறோம். இங்கே மழை இல்லை, வெயிலும் இல்லை.

லைன் விஷயத்தில் நீ அவசரப்பட வேண்டாம். பெரிய வெள்ளம். அவர்கள் ஆற அமரச் செய்யட்டும். முந்திய காலத்தில் மனிதர் கடிதத்திலேதானே உறவு வைத்திருந்தார்கள்? கமெராவில் என் முகத்தில் பார்க்க என்ன புதினம் இருக்கிறது? கடிதமே போதும். நீ ஒருவரோடும் சண்டைக்குப் போகாதே. உன் வாய் எனக்குத் தெரியும்.

பவளம் உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்,
மகாலிங்கம்


மிச்சம்
22.8.2007

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கட தந்தி கிடைச்சது. ஓ, அது கடிதமோ? நான் தந்தியெண்டெல்லோ நினைச்சன்! ஒரு எழுத்துக்கு இவ்வளவு எண்டு டென்மார்க்கில வரி போட்டிட்டாங்களோ? இஞ்சை எனக்கு நாரி நோவு, இடுப்பை நிமித்த ஏலாது, மற்றும்படி வாயும் கையும் நல்லாய் வேலை செய்யுது.

சண்டைக்குப் போகாதை எண்டு எழுதினனீங்கள். பிந்திப்போச்சு, போட்டு வந்திட்டன்.

லைன் கொம்பனிக்குப் போன் எடுத்தன். ஒரு பெட்டை, "மேடம், உங்கட பக்கம் எல்லாம் திருத்தியாச்சு" எண்டாள். "எந்தப் பக்கம் பிள்ளை? என்ர கொம்பியூட்டர் செத்த மாடு மாதிரிக் கிடக்கு" எண்டன். லைன் ஆற்ற பேரில எண்டாள். அதிலதான் சிக்கினன்.

உங்களுக்கு நான் இதைச் சொன்னனானோ தெரியாது. எங்கட வரிசையில ஏழு வீடு, ஏழிலயும் எங்கட சனம். முதல் வந்தவர் கிருஷ்ணராசா அண்ணை. எலெக்ரீசியன். அவர்தான் தன்ர பேரில ஒரு லைன் எடுத்து, பின் மதிலால வயர் இழுத்து, வீட்டுக்கு வீடு துளை போட்டு எல்லாருக்கும் குடுத்தவர். ஏழு வீட்டுக்கும் ஒரு லைன், மாதம் மாதம் சேத்துக் கட்டுவம். அவர் இப்ப கனடாவுக்குப் போட்டார். லைன் அவற்ற பேரிலதான் கிடக்கு. ஒருத்தரும் மாத்தேல்லை. ஓடுற சாமானை ஏன் கழட்டுவான் எண்டு விட்டிட்டம்.

கொம்பனிக்காரி என்ன சொல்லுறாள் தெரியுமோ? லைன்காரர் முறையிட்டால்தானாம் கேப்பினம். கிருஷ்ணராசா அண்ணை முறையிடேல்லை. அவர் ரொறன்ரோவில நல்லாய்ப் பாத்துக்கொண்டு இருக்கிறார், அவர் ஏன் முறையிடப் போறார்! அவர் முறையிடாதபடியால் எங்கட றோட்டுச் சரியாம். அப்பிடித்தான் அரசாங்கத்துக்கும் எழுதிக் குடுத்திருக்கினமாம்.

அடுத்த நாள் நான் திருப்பி எடுத்து, குரலைத் தடிப்பாக்கி, "ஐ ஆம் மிஸ்டர் கிருஷ்ணராசா" எண்டன். அவள், "மேடம்?" எண்டாள். தடிமன், சளி எண்டன். பிறந்த திகதி கேட்டாள். எனக்கென்ன தெரியும் அவற்ற சாதகம்? வைச்சிட்டன்.

அதுசரி, ஆவணியில உங்களுக்கு ஆஸ்பத்திரியில செக்கப் எண்டு சொன்னனீங்கள். என்னவாம்? ஒரு வரி எழுதினால் கை தேயாது.

மிஸ்டர் கிருஷ்ணராசா ஆகப்பார்த்த உங்கட தங்கச்சி,
வசந்தமலர்


ஹேர்னிங்
20.9.2007

அன்புள்ள தங்கச்சிக்கு,

பதில் பிந்திவிட்டது. வேலை அதிகம்.

வயர் விஷயத்தை வெளியில் மூச்சு விடாதே. ஒரு லைனைப் பகிர்வது ஒப்பந்தத்துக்கு விரோதம். தெரிந்தால் தண்டம் போடுவார்கள், பிறகு லைனே தராமல் விடுவார்கள். ஏழு குடும்பத்தின் பழியும் உன் தலையில் விழும். இந்த நாடுகளில் நாங்கள் தலையைக் குனிந்து வாழ்ந்துதான் இவ்வளவு தூரம் வந்தோம்.

லைன் வராவிட்டால் வராமல் இருக்கட்டும். நான் ஒன்றும் குறையாக நினைக்க மாட்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

மகாலிங்கம்


மிச்சம்
27.9.2007

அன்புள்ள அண்ணைக்கு,

நாரி நோவு போட்டுது. நான் சமைக்கிற பள்ளிக்கூடக் குசினி திறந்திட்டாங்கள், அண்டா தூக்கத் தொடங்கினதும் நோ பயந்து ஓடிட்டுது. உங்களுக்கு வேலை அதிகமாம். என்ன வேலை? பென்சனில இருக்கிற ஆளுக்கு! மச்சாளுக்கு வெங்காயம் உரிக்கிறியளோ?

செக்கப் பற்றிக் கேட்டனான். ஒண்டும் எழுதேல்லை. மோபைலில எடுத்தால் மச்சாள், "அவர் நித்திரை" எண்டுறா. காலமை எடுத்தாலும் நித்திரை, பின்னேரம் எடுத்தாலும் நித்திரை. நீங்கள் என்ன, வவ்வாலோ?

இஞ்சத்தைப் புதினத்தைக் கேளுங்கோ. போன செவ்வாய் கதவில தட்டுச் சத்தம். திறந்தால் கோட்டுப் போட்ட ஒரு பொடியன், கையில ஒரு வரைபடம். நான் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி, "எமில்டா, ஆரோ கவுன்சில்காரன் வந்து நிக்கிறான், வயரை மூடு!" எண்டு கத்தினன். அவன் சிரிச்சுக்கொண்டு, "வணக்கங்க அக்கா, எனக்குத் தமிழ் தெரியும்" எண்டான். எனக்கு நிலம் பிளந்து உள்ளுக்குப் போனால் போதும் எண்டு கிடந்தது.

பேர் விக்னேஸ்வரன். மலேசியா, ஈப்போ ஊர். படிக்க வந்து இஞ்சையே இருந்திட்டாராம். வெள்ளத்தில அறுந்த லைனெல்லாத்தையும் கொம்பனியள் ஒழுங்காய்த் திருப்பிக் குடுக்கினமோ எண்டு பாக்க அரசாங்கம் ஒரு ஒபிஸ் திறந்திருக்காம். அதில வேலை. கொம்பனி கிழமைக்குக் கிழமை கணக்குக் குடுக்கும், இவர் அங்கொண்டு இஞ்சொண்டாய் நேரில போய்ப் பாப்பார்.

"உங்க தெருவுக்கு லைன் வந்துருச்சுன்னு ரிப்போர்ட் இருக்கு, அக்கா. இதோ பாருங்க, பச்சை போட்டிருக்காங்க."

"வந்திட்டுதோ? எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திட்டுப் போட்டுதோ?"

"வரலையா?"

"உள்ளுக்கு வந்து பாரும்."

வந்து பாத்தார். பொத்தானை அமத்தினார், ஒண்டுமில்லை. பிறகு, "லைன் யார் பேர்ல இருக்கு?" எண்டு கேட்டார். அதுக்குள்ள பக்கத்து வீட்டு எமில்டா ஓடிவந்திட்டாள். முதியோர் இல்லத்தில வேலை செய்யிறவள், நல்ல பிள்ளை, ஆனால் பயந்தாங்கொள்ளி. அவள் முந்திக்கொண்டு, "கிருஷ்ணராசா அண்ணையின்ர பேரில. நாங்கள் அவற்ற குடும்பம்" எண்டாள்.

"ஏழு வீடுமா?"

"பெரிய குடும்பம்" எண்டன் நான்.

அவர் ஜன்னலால பின் மதிலைப் பாத்தார். வயர் முழுக்கத் தெரியுது, அதில எங்கட வரிசை மங்கையக்கா காயப்போட்ட பாவாடையும் தொங்குது. அவர் சிரிக்கேல்லை. "அக்கா, நான் பார்த்ததை நான் எழுதித்தான் ஆகணும். ஒளிக்க முடியாது. ஆனா நானா எழுதினா அது ஒரு லைன்ல ஏழு பேர் பண்ண தப்புன்னு போகும். நீங்களே கூட்டத்துக்கு வந்து சொன்னா, ஏழு வீட்டோட முறைப்பாடுன்னு போகும். அக்டோபர் பத்தொன்பது, லைப்ரரி மண்டபம். யாரும் பேசலாம்" எண்டிட்டு, குடுத்த தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சிட்டுப் போனார்.

அண்டிரவே ஏழு வீடும் என்ர குசினியில கூடினம். எமில்டா அழுறாள், தண்டம் போட்டால் என்ன செய்யிறது எண்டு. சிலர், வயரை அறுத்துப்போட்டு எங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டுவம் எண்டினம். மங்கையக்கா மட்டும், "வன்னியில என்ர மகன் எங்கை கிடக்கிறான் எண்டு நான் நாளாந்தம் தேடுறது அதிலதான். அறுக்கிறவன்ர கையை அறுப்பன்" எண்டா. அதுக்குப் பிறகு ஒருத்தரும் வயரைப் பற்றிக் கதைக்கேல்லை. கூட்டத்துக்கு வாறம் எண்டும் சொல்லேல்லை.

நான் போறன் அண்ணை. நீங்கள் தலையைக் குனிய எழுதினனீங்கள். குனிஞ்சு குனிஞ்சுதான் எனக்கு நாரி போனது.

லைன் வந்தவுடன முதல் வேலையாய்க் கமெராவில மூஞ்சியைக் காட்டுங்கோ. எவ்வளவு கிழண்டியிருக்கு எண்டு பாக்கோணும்.

வவ்வாலின்ர தங்கச்சி,
வசந்தமலர்


ஹேர்னிங்
8.10.2007

அன்பு மச்சாளுக்கு,

பவளக்கொடி எழுதுறன். நான் சுகம். இந்தக் கடிதத்தை உங்கட அண்ணைக்குத் தெரியாமல் எழுதுறன். கடைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்து, பஸ் தரிப்பில இருந்து எழுதுறன்.

ஆடியிலயே டொக்டருக்குச் சந்தேகம் வந்திட்டுது. ஆவணிக் கடைசியில திரும்ப ஒப்பரேஷன். இந்தமுறை தாடை. கீழ்த்தாடையில ஒரு பக்கத்தை எடுத்துப்போட்டு, கால் எலும்பில கொஞ்சம் வெட்டி வைச்சுத் தைச்சிருக்கினம். புற்று வருத்தம் முழுக்க எடுத்தாச்சு எண்டு சொல்லுகினம். அதுக்குக் கடவுளுக்கு நன்றி. ஆனால் முகம் ஒரு பக்கம் இழுத்துப்போட்டுது மச்சாள். வாய் வடிவாய் மூடாது.

அவர் கண்ணாடி பாக்கிறேல்லை. ஆரும் வந்தால் அறைக்குள்ள போயிடுவார். வாறவையும் குரலைத் தணிச்சுப் பாவம் பாவம் எண்டு கதைச்சிட்டுப் போகினம். கமெராவுக்கு மேல பிளாஸ்ரர் ஒட்டி வைச்சிருக்கிறார். உங்கட லைன் போனது நல்லதுக்கு எண்டு எனக்கு எழுதிக் காட்டினவர். நீங்கள் பகிடியாய் மூஞ்சி மூஞ்சி எண்டு எழுதேக்குள்ள கடிதத்தை மடிச்சு வைச்சிடுறார்.

லைனுக்கு நீங்கள் ஓடுப்பட்டுத் திரியிறியள் எண்டு தெரியும். கோவிக்காதையுங்கோ, கொஞ்சம் ஆறுதலாய்ச் செய்யுங்கோ. வந்தாலும் வரேல்லை எண்டு சொன்னால் அவருக்கு நிம்மதியாய் இருக்கும்.

நான் எழுதினது தெரியவேண்டாம்.

பவளம்


மிச்சம்
13.10.2007

அன்பு மச்சாள்,

உங்கட கடிதத்தைக் குசினிக்குள்ள நிண்டு வாசிச்சன். பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர உருளைக்கிழங்கு அடிப்பிடிச்சுப் போச்சு. ஒரு பிள்ளையும் குறை சொல்லேல்லை, எல்லாம் வழிச்சுத் திண்டுதுகள்.

நீங்கள் தனிய இவ்வளவையும் சுமந்திருக்கிறியள். எனக்குச் சொல்லாததுக்கு உங்களை நேரில காணேக்குள்ள ஏசுவன், இப்ப ஏச மனமில்லை.

நீங்கள் எழுதினது அண்ணைக்குத் தெரியாது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனால் லைனை ஆறுதலாய்ச் செய்ய என்னால ஏலாது. வந்ததை வரேல்லை எண்டு சொல்லவும் ஏலாது. அந்தக் கொம்பனி அதைத்தானே மற்றப் பக்கத்தால செய்யுது, வராததை வந்திட்டுது எண்டு? மங்கையக்காவுக்குப் பிள்ளையைத் தேடோணும். எனக்கு அண்ணையைத் தேடோணும். அவர் பிளாஸ்ரர் ஒட்டட்டும். லைன் வேணும்.

உங்களுக்கு ஒரு ஆறுதலும் எழுதத் தெரியேல்லை. நல்லாய்ச் சாப்பிடுங்கோ.

வசந்தமலர்


மிச்சம்
24.10.2007

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். தொண்டை மட்டும் கட்டிப்போச்சு. ஏன் எண்டு கீழ வாசிச்சால் விளங்கும்.

கூட்டத்துக்குப் போனன். மண்டபம் நிறையக் கதிரை, சனம் கொஞ்சம். முன்னால மேசையில மூண்டுபேர், நடுவில கண்ணாடி போட்ட வெள்ளைக்காரப் பெண்டில் தலைவி. பக்கத்தில எங்கட விக்னேஸ்வரன் எழுதிக்கொண்டு இருந்தவர். கொம்பனிக்காரன் நல்ல ரை கட்டி, சுவரில வரைபடத்தை வெளிச்சம் போட்டுக் காட்டினான். எங்கட மிச்சம் ஊர் முழுக்கப் பச்சைப் பசேல். வெள்ளம் வந்த ஊர் மாதிரி இல்லை, வயல் மாதிரிக் கிடந்தது.

நான் எழும்பினன். "அந்தப் பச்சைக்குள்ளதான் என்ர வீடு. அங்கை லைன் இல்லை."

அவன் தாளைப் புரட்டிப்போட்டு, "அந்த வரிசையில ஒரு வாடிக்கையாளர்தான். அவர் முறையிடேல்லை. முறைப்பாடு இல்லாட்டி திருத்தினதாய்க் கணக்கு" எண்டான்.

எனக்கு இங்கிலீசு அதோட முடிஞ்சுது. விக்னேஸ்வரனைப் பாத்து, "தம்பி, நான் தமிழில சொல்லுறன், நீர் சொல்லும்" எண்டன்.

"அக்கா, நான் இங்க மொழிபெயர்க்க வரலை, குறிப்பு எழுதறேன்."

"எழுதுறதைச் சத்தமாய் எழுதும்."

அவர் தலைவியைப் பாத்தார், தலைவி தலையாட்டினா. நான் தொடங்கினன். ஒரு லைன்தான், ஓம். கனடாவில இருக்கிறவற்ற பேரில, ஓம். ஏழு வீட்டுக்கு வயர் இழுத்திருக்கிறம், ஓம், மதிலில எல்லாருக்கும் தெரியக் கிடக்கு. ஒருத்தரும் களவெடுக்கேல்லை, ஒரு மாதமும் கட்டாமல் விடேல்லை. அவர் ஒண்டும் கூட்டாமல் குறைக்காமல் அப்பிடியே சொன்னார்.

கொம்பனிக்காரன் துள்ளி எழும்பினான். "இது ஒப்பந்த மீறல்! நாங்கள் அந்த லைனை முழுக்க வெட்டலாம்!"

"வெட்டுறதுக்கு முதல்ல லைன் இருக்கோணுமே ராசா, அதைத்தானே நான் கேக்கிறன்!" எண்டன். அதை விக்னேஸ்வரன் சொன்னபோது பின்னால இருந்த ஆக்கள் சிரிச்சினம். எனக்குச் சிரிப்பு வரேல்லை. "தண்ணி வந்தபோது ஏழு வீட்டுக்கும் வந்தது. ஒப்பந்தத்தில பேர் இருக்கிற வீடு எது எண்டு பாத்து வரேல்லை. அழிவு ஏழு வீட்டுக்கும் எண்டால் திருத்தமும் ஏழு வீட்டுக்கும்."

தலைவி, வேற ஆரும் அந்த வீடுகளில இருந்து வந்திருக்கினமோ எண்டு கேட்டா. நான் திரும்பிப் பாக்கேல்லை. பாத்தால் வெக்கமாய்ப் போயிடும் எண்டு பயம். பின்னால கதிரை இழுபடுற சத்தம் கேட்டுது. எமில்டா! ஷிப்ட் உடுப்போட நிக்கிறாள். பிறகு மங்கையக்கா. பிறகு மற்றவையும். கடைசி வீட்டுக்காரர் மட்டும் எழும்பேல்லை, ஆனால் இருந்தபடி கையைக் காட்டினார். அவருக்கு முழங்கால் வருத்தம், மன்னிச்சு விடுவம்.

அதுக்குப் பிறகு அந்தப் பெண்டில் கேட்ட கேள்வியிலதான் நான் அவவுக்குக் கோயில் கட்டலாம் எண்டு நினைச்சன். "இந்தப் படத்தில லைன் ஓடுறதால பச்சை எது, ஒருத்தரும் முறையிடாததால பச்சை எது?" கொம்பனிக்காரன் தாளைப் புரட்டினான், புரட்டினான், புரட்டிக்கொண்டே நிண்டான். அவனிட்டை அந்தக் கணக்கே இல்லை. அப்ப இனி முறைப்பாடு இல்லை எண்டு பச்சை போடக்கூடாது, பச்சை போட்ட றோட்டெல்லாம் ஆக்கள் நடந்துபோய்ப் பாக்கோணும், எங்கட வரிசைக்குச் சனிக்கிழமைக்குள்ள லைன் வரோணும் எண்டு தீர்ப்பு. வயர் விஷயம் வேற விஷயமாம், அதைப் பிறகு கொம்பனி எங்களோட பேசட்டுமாம். பேசட்டும். நாங்கள் தனித்தனி லைன் எடுக்கத் தயார் எண்டு அங்கையே சொல்லிப்போட்டன்.

வெளியில வந்து எமில்டா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாள். அவள் எதுக்கெண்டாலும் அழுவாள்.

அண்ணை, சனிக்கிழமையில இருந்து நான் பின்னேரம் பின்னேரம் கமெராவுக்கு முன்னால இருப்பன். நீங்கள் உங்கட கமெராவைப் போடுங்கோ, போடாமல் விடுங்கோ. நீங்கள் எழுதாததை நான் கேக்கேல்லை. நான் என்ர மூஞ்சியைக் காட்டுவன், அதுக்கு உங்களிட்டை அனுமதி வேண்டத் தேவையில்லை.

உங்கட,
வசந்தமலர்


ஹேர்னிங்
5.11.2007

வசந்தமலர்,

பவளம் எழுதியிருக்கிறாள் என்பது உன் கடிதத்திலேயே தெரிந்தது. "மூஞ்சி" என்று நீ ஒரு இடத்தில்தான் எழுதியிருக்கிறாய், அதுவும் உன்னுடையதை. உனக்கு ஒளிக்கத் தெரியாது.

நான் கேட்காததை ஏன் செய்தாய்? விட்டுவிடு என்று எத்தனை தரம் எழுதினேன்? உனக்கு வெற்றி. எனக்கு இருந்த ஒரு மறைவும் போனது. நான் கமெராவைத் திறக்கப் போவதில்லை. நீ காத்திருக்க வேண்டாம்.

மகாலிங்கம்


மிச்சம்
12.11.2007

அன்புள்ள அண்ணைக்கு,

கோவத்தோட எழுதியிருக்கிறியள். நல்லது. இந்த நாலு மாதத்தில உங்களிட்டை இருந்து வந்த முதல் கடிதம் இதுதான். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரி நோட்டீஸ்.

மச்சாளை ஏசாதையுங்கோ. ஏசினால் நான் பிளேன் ஏறி வருவன்.

எனக்காகத்தான் லைன் எடுத்தன், ஓம். மங்கையக்காவுக்காகவும் எடுத்தன். அவ நேற்று மகன்ர சிநேகிதப் பொடியன் ஒருத்தனைப் பிடிச்சிட்டா, மகன் கிளிநொச்சியில உயிரோட இருக்கிறானாம். நீங்கள் விட்டுவிடு எண்டு சொன்னதைக் கேட்டிருந்தால் அவவுக்கு நான் என்ன சொல்லியிருப்பன்? என்ர அண்ணைக்கு ஒளிக்கோணும், நீங்கள் பொறுங்கோ எண்டோ?

உங்களுக்கு ஒளிக்க உரிமை இருக்கு. எனக்குக் காத்திருக்க உரிமை இருக்கு. வேண்டாம் எண்டு நீங்கள் எழுதினால் நான் கேக்கப்போறதில்லை, சின்னனில இருந்தே நான் கேட்டதில்லை.

சொன்ன சனிக்கிழமையே லைன் வந்திட்டுது. நேற்றும் கமெராவுக்கு முன்னால இருந்தனான். இண்டைக்கும் இருப்பன். குளிர் தொடங்கிட்டுது, காதை மூடிக்கொண்டு திரியுங்கோ.

வசந்தமலர்


ஹேர்னிங்
2.12.2007

என்ர தங்கச்சிக்கு,

நேற்று நடந்ததுக்கு இண்டைக்குக் கடிதம் எழுதுறன். நேற்றுத் தட்டியிருக்கலாம், கை ஓடேல்லை.

இந்த மூண்டு கிழமையும் நான் உன்னைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். உனக்குத் தெரியாது. என்ர பக்கம் கறுப்பு, உன்ர பக்கம் நீ. ஒரு நாள் வெங்காயம் உரிச்சாய். ஒரு நாள் தலைக்குச் சாயம் பூசினபடி வந்து, இந்தக் கறுப்புத் திரையைப் பாத்து எமில்டாவின்ர குறை எல்லாம் சொன்னாய். ஒரு நாள் கதிரையிலயே நித்திரையாய்ப் போனாய், வாயைத் திறந்தபடி. அண்டைக்கு நான் பவளத்தைக் கூப்பிட்டுக் காட்டினன். பாவம் எண்டாள். எனக்குப் பாவமாய் இல்லை, பொறாமையாய் இருந்தது. எப்பிடி இவள் வாயைத் திறந்துகொண்டு ஊருக்கு முன்னால நித்திரை கொள்ளுறாள் எண்டு.

நேற்று நீ முறுக்குத் திண்டுகொண்டு இருந்தாய். நான் பிளாஸ்ரரை உரிச்சன்.

நீ முறுக்கை வைச்சிட்டுப் பாத்தாய். கிட்ட வந்து பாத்தாய். பவளம் எனக்குப் பின்னால நிண்டாள். கன நேரம் பாத்துப்போட்டு நீ சொன்னாய்:

"இவ்வளவுதானோ? நான் பெரிசாய் என்னவோ எண்டெல்லோ நினைச்சன்! இதுக்கோ என்னைக் கவுன்சில் லைப்ரரியில தொண்டை கிழியக் கத்த விட்டனீங்கள்?"

பவளத்துக்குக் கோவம் வந்திட்டுது. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. தையல் போட்ட இடம் நொந்தது. நொந்தாலும் நிப்பாட்ட ஏலாமல் கிடந்தது. சத்தம் வராத சிரிப்பு பாக்க வடிவில்லாமல்தான் இருந்திருக்கும்.

ஆவணியில இருந்து என்னோட எல்லாரும் மெல்லமாய்க் கதைக்கினம். டொக்டர் மெல்லமாய், தாதிமார் மெல்லமாய், இஞ்சத்தைத் தமிழ் மன்றத்து ஆக்கள் செத்தவீட்டுக்கு வந்த மாதிரி. கிருஷ்ணராசா மாதிரி நானும் முறையிடேல்லை, அதனால எல்லாம் சரி எண்டு என்னைப் பச்சையில போட்டு விட்டிட்டினம். நீதான் நடந்து வந்து பாத்தனீ.

பவளம் மன்றத்து மாவீரர் நாளுக்கு என்னை வரவேண்டாம் எண்டு தன்பாட்டில சொல்லிவிட்டவள், எனக்குச் சங்கடம் எண்டு. தை மாதப் பொங்கலுக்குப் போறன் எண்டு இண்டைக்கு எழுதிக் காட்டிப்போட்டன். சால்வை சுத்திக்கொண்டு போங்கோ எண்டாள். சுத்தமாட்டன். பாக்கிறவை பாக்கட்டும்.

உன்ர சுகத்தை நான் விசாரிக்கப்போறதில்லை, கண்ணால பாக்கிறன்தானே. முறுக்கைக் குறை.

கமெராவை இனி நான் மூடமாட்டன். என்ர மூஞ்சி பிடிக்காட்டி நீ கண்ணை மூடு.

அண்ணை